தெருமுனை மாதாவுக்கு நான் விளக்கு ஏற்றலாமா? (நேப்பிள்ஸ், இத்தாலி)

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலியில் இருப்பவர்களோ, கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களோ யாராவது பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் நேப்பிள்ஸில் சனித்தா என்கிற பழைய பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் சந்து இன்னொரு சந்தோடு சேரும் முனையில், சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மாடம் இருக்கிறது. நம் ஊர் விளக்கு மாடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கண்ணாடிக் கதவு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே குழந்தையை ஏந்திய மாதா. இரண்டு பேர் கையிலும் பழுப்பு நிறத்தில், நாடா கோத்த சின்னத் துணித்துண்டு. காலடியைப் பார்த்து முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுடுமண்ணில் செய்த மூன்று பேர் இடுப்பளவு நெருப்பில் நின்றுகொண்டு கையை மேலே தூக்கிக் கெஞ்சுகிறார்கள். ஒரு தாடிக் கிழவர், கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண், உச்சந்தலை மழித்த ஒரு சாமியார். மாடத்துக்கு மேலே வளைந்த இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு விளக்கு தொங்குகிறது. கீழே சலவைக்கல் பலகையில் ஒரு குடும்பப் பெயரும் 1923 என்ற வருடமும்.

இதைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டுப் பாட்டி. தெருவைப் பார்த்த ஒற்றை அறை வீடு அவருடையது. அப்படிப்பட்ட வீட்டை இங்கே ‘பாஸ்ஸோ’ என்பார்கள். விளக்குக்கு மின்சாரம் அவர் வீட்டிலிருந்துதான் போகிறது, சுவிட்ச் அடுப்புக்குப் பக்கத்தில். சாயந்திரம் உலை வைக்கும்போது கூடவே அதையும் தட்டிவிடுவார். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் தெருவில் வெளிச்சம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் ஒருநாள் வந்து என் கையில் இரண்டு சாவியைக் கொடுத்தார், ஒன்று வீட்டுக்கு, ஒன்று மாடத்துக்கு. "மூன்றாம் மாடி இந்தியப் பெண்ணிடம் கொடு, விளக்கை அவள் பார்த்துக்கொள்வாள்" என்று பாட்டி சொல்லி அனுப்பினாராம். எதிர்வீட்டில் அவருடைய சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். நான் படியிறங்கிப் போகும்போதெல்லாம் அந்த மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதைப் பார்த்திருப்பார் போல, வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டேன். வாங்கிய நாளிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. நான் கிறிஸ்தவள் இல்லை. அந்த மாடத்தைத் திறந்து சிலையைத் தொட எனக்கு உரிமை உண்டா? வீட்டுவிலக்கான நாட்களில் என்ன செய்வது? பல்பு மினுக்கி மினுக்கி இரண்டு நாளாக அணைந்தேவிட்டது. முன்பு எண்ணெய் விளக்குதான் இருந்தது என்று பாட்டி ஒருமுறை சொன்னார். இங்கே இலங்கைக் கடையில் திரியும் நல்லெண்ணெயும் கிடைக்கின்றன, ஓர் அகல் ஏற்றி வைக்கலாமா? சிலைமேல் தூசியும் கரியும் படிந்திருக்கிறது, தண்ணீர் விட்டுத் துடைக்கலாமா? அப்புறம், அந்த நெருப்பில் நிற்பவர்கள் யார்? நரகத்தில் இருப்பவர்களை மாதாவின் காலடியில் ஏன் வைத்திருக்கிறார்கள்? பாட்டியிடம் போனில் கேட்க என் இத்தாலியன் போதாது. அவர் பேசுவதோ முழுக்க நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சு.

ஜூலை 16க்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. மூன்று தடவை சொன்னார்.

கடலோரத்து அக்கா:

தங்கச்சி, நான் தூத்துக்குடி. பிறந்ததிலிருந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். தாராளமாகத் தொடலாம். சுரூபத்தைத் துடைக்க, பூ மாற்ற, விளக்குப் போட ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. மாத விலக்குக்கும் எங்களிடம் தள்ளிவைப்பு இல்லை. அந்த நாட்களிலும் கோயிலுக்குப் போவோம், நற்கருணை வாங்குவோம். அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடு.

ஜூலை 16 என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது கார்மேல் மாதா திருநாள். கையில் இருக்கும் பழுப்புத் துணியின் பெயர் உத்தரியம். 1251இல் சைமன் ஸ்டாக் என்ற கார்மேல் சபைத் துறவிக்கு மாதாவே அதைக் கொடுத்தார்கள் என்பது நம்பிக்கை. எங்கள் அம்மாச்சி கழுத்தில் கடைசிவரை உத்தரியம் கிடந்தது, அதோடுதான் அடக்கம் செய்தோம்.

நெருப்பில் நிற்பவர்கள் நரகத்தில் இல்லையம்மா. அது உத்தரிக்கிற ஸ்தலம். செய்த பாவத்துக்குக் கொஞ்ச காலம் வெந்து சுத்தமாகி, பிறகு நிச்சயமாக மோட்சம் போகிறவர்கள். அவர்களால் தங்களுக்காக எதுவும் செய்துகொள்ள முடியாது. பூமியில் இருக்கிற நாம்தான் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருவதே அவர்களுக்காகத்தான். உத்தரியம் போட்டுக்கொண்டு இறந்தவர்களை அடுத்து வரும் சனிக்கிழமை மாதாவே வந்து கைதூக்கி விடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அந்தச் சிலையை மறுபடி போய்ப் பார். அவர்கள் கெஞ்சுவதற்கு மட்டும் கையைத் தூக்கவில்லை. மேலேயிருந்து ஒரு கை வரும் என்று தெரிந்துதான் தூக்கியிருக்கிறார்கள்.

எங்கள் தெரு முனையில் அந்தோணியார் குருசடி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அங்கே மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை.

நல்லெண்ணெய் பற்றி: எண்ணெயில் தீட்டு எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவுக்குள் நெருப்பு வைப்பது பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சாரக்கட்டு:

நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நேப்பிள்ஸில் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் குழுவில் கல் வேலை செய்கிறேன். இந்த மாடங்கள் சிலவற்றின் முன்னால் சாரத்தில் நின்று நாள்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் அவசரமானது. தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உருவங்கள் சுட்ட மண், சுட்ட பிறகு மேலே வண்ணம் பூசியவை. அந்த வண்ணம் சூளையைப் பார்த்ததில்லை, ஈரத்துணி பட்டால் செதில் செதிலாக எழும்பி வந்துவிடும். சுவர் துஃபோ கல்லாக இருக்கும். எரிமலைச் சாம்பல் இறுகிய மஞ்சள் கல் அது, இந்த ஊரே அதில் கட்டியதுதான். பஞ்சு மாதிரி நீரைக் குடிக்கும். காயும்போது உள்ளே இருக்கும் உப்பை வெளியே தள்ளும், அந்த உப்பு கல்லின் மேல்தோலை உரிக்கும். ஆகவே மென்மையான, காய்ந்த தூரிகை மட்டும். மேலிருந்து கீழாக, அழுத்தாமல். வண்ணம் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நின்றால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம். கரி போகாது, போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்தக் கரி பல வருடத்து எண்ணெய்ப் புகை.

அகல் விளக்கை உள்ளே வைக்காதீர்கள். மூடிய கண்ணாடிக்குள் சூடு தேங்கும். பிளாஸ்டிக் பூ இருந்தால் சில நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். ஏற்றியே ஆகவேண்டும் என்று மனசு சொன்னால் வெளித் திண்டில் வைத்து, அணையும்வரை பக்கத்தில் நில்லுங்கள். கூண்டு விளக்குக்குச் சூடு குறைந்த எல்இடி பல்பு, 3 அல்லது 4 வாட், மஞ்சள் ஒளி வருவது வாங்குங்கள். பழைய குண்டு பல்புகளின் சூட்டில் வண்ணம் வெடித்த சிலைகளைப் பார்த்திருக்கிறேன். பல்பை மாற்றும் முன் பாட்டி வீட்டின் மெயினை அணையுங்கள். பல்பு மினுக்கியது என்கிறீர்களே, அது ஒயர் பழசானதாலும் இருக்கலாம். அப்படியென்றால் எலெக்ட்ரீஷியன்தான் வரவேண்டும். மாடத்துச் சாவியைக் கவனமாக வைத்திருங்கள். 1980 நவம்பர் 23 நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே பல கோயில்கள் பூட்டிக் கிடந்தன, உள்ளே இருந்த சிலையும் ஓவியமும் ஏராளமாகக் களவு போயின. தெரு மாடங்களும் தப்பவில்லை. கம்பிக் கதவும் பூட்டும் இத்தனை இருப்பது அதனால்தான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது இந்த ஊரின் தெருவிளக்கு.

18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. சந்துகளின் அகலம் உங்களுக்கே தெரியும், இரண்டு பக்கமும் ஐந்து மாடி, ஆறு மாடி. பகலிலேயே வெயில் தரையைத் தொடாது, இரவில் கேட்கவே வேண்டாம். அரசாங்கம் விளக்குகள் வைத்துப் பார்த்தது. இருட்டு தேவைப்பட்டவர்கள் அவற்றை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்போது கிரிகோரியோ மரியா ரொக்கோ என்று ஒரு தொமினிக்கன் சபைத் துறவி இருந்தார் (1700-1782). ஏழைகளோடும் திருடர்களோடும் தெருவிலேயே வாழ்ந்த மனிதர். மாதா படத்தை நிறையப் பிரதி எடுத்து, மரச் சிலுவைகளும் செய்து, தெருத்தெருவாகக் கொடுத்தார். இதைச் சுவரில் வையுங்கள், முன்னால் ஒரு விளக்கு ஏற்றுங்கள், எண்ணெய்ச் செலவு உங்களுடையது என்றார். மாதா முகத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை உடைக்க எந்தத் திருடனுக்கும் கை வரவில்லை. எங்கள் தெரு விளக்குதான் பெரியது என்று தெருக்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. ஊர் வெளிச்சமானது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிக்கு வந்து 1806இல் நகராட்சி விளக்குகளை முறையாக வைக்கும் வரைக்கும், இந்தச் சந்துகளில் ராத்திரி நடந்தவர்களுக்கு வழிகாட்டியவை பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் எண்ணெய் ஊற்றிய விளக்குகள்தான்.

ஃபோரியா தெருவில் போகும்போது 350 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், ஏழைகள் விடுதி. 1751இல் தொடங்கியது, ஃபூகா என்ற கட்டடக் கலைஞரின் வரைபடம். அதைக் கட்டச் சொல்லி அரசரை நச்சரித்ததும் இதே ரொக்கோதான். ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் எனக்கு அந்த ஆளின் நினைவு வரும்.

இந்த வழக்கம் ரொக்கோவோடு ஆரம்பித்ததும் இல்லை. இங்கே மாடத்துக்குப் பெயர் ‘எதிகோலா’. லத்தீனில் ‘சின்ன வீடு’, ‘சின்னக் கோயில்’. இன்றைய இத்தாலியில் பத்திரிகைக் கடைக்கும் அதே பெயர். பொம்பேய் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒருமுறை போய் முச்சந்திகளைப் பாருங்கள். கி.பி. 79இல் சாம்பல் மூடிய ஊரில், தெரு கூடும் இடங்களில் காவல் தெய்வங்களுக்குச் சின்னப் பலிபீடங்கள் இருக்கின்றன. சில இடங்களில் சுவரில் பாம்பு வரைந்திருப்பார்கள். நெல்லைக்காரியான உங்களுக்கு அந்தப் பாம்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று விட்டுப்போனது. நெருப்பில் நிற்கும் ஆன்மாக்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் கேட்பது ‘ரெஃப்ரிஸ்கோ’. குளிர்ச்சி என்று பொருள். வெந்துகொண்டிருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? திங்கட்கிழமை அவர்களுடைய நாள். உங்கள் சனித்தாவிலேயே ஃபோந்தனெல்லே என்ற குகைக் கல்லறை இருக்கிறது. பெயர் தெரியாத மண்டை ஓடுகளை ஆளுக்கொன்றாகத் தத்தெடுத்துத் துடைத்துப் பராமரித்துவந்தார்கள். 1969இல் பேராயர் அந்த வழிபாட்டைத் தடை செய்தார். பாட்டியின் வயதை வைத்துப் பார்த்தால், சின்ன வயதில் தாயோடு அங்கே போயிருப்பார்.

நெல்லைக்காரி:

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு உடனே கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆமாம், அந்தப் பெண்ணின் முகம் அழுகிற முகம் இல்லை. ஒன்றரை வருடமாகத் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே மெயினை அணைத்துவிட்டுக் கூண்டைத் திறந்து பார்த்தோம். ஒயரின் உறை விரலில் பொடியாக உதிர்ந்தது. தொடாமல் மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறோம். எதிர்வீட்டுச் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு வெளிநாட்டுக்காரி அவர்கள் குடும்பத்து மாதாவின் சாவியை வைத்துக்கொண்டிருப்பது.

பலெர்மோ வாசி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். சிசிலியில் பலெர்மோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நாங்கள் சைவம். இதைக் கேளும்.

இங்கே நகரத்துக்கு மேலே பெல்லெக்ரினோ என்று ஒரு மலை. அதிலே ஒரு குகைக்குள்ளே சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில். 1624இல் கொள்ளை நோய் வந்து சனம் செத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குகையில் அவவின் எலும்புகள் கிடைத்தன, அடுத்த வருடம் அவற்றை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், நோய் நின்றது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகளில் ஏந்துவார்கள். நான் முதல் முறை போனபோது எங்களுக்கு விசாவும் இல்லை, ஒழுங்கான வேலையும் இல்லை. அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சனம் அந்த மலை ஏறும், சைவக்காரரும் வேதக்காரரும் சேர்ந்து. சிலர் வெறுங்காலோடு. பிள்ளை பிறந்தால் அங்கே கொண்டுபோய்க் காட்டுவோம்.

அங்கே படுத்திருக்கிற சிலைக்குப் பொன்னாடை கொடுத்தது போர்போன் அரசர் சார்ல்ஸ். மேலே தம்பி சொன்ன ஏழைகள் விடுதியைக் கட்டத் தொடங்கியதும் அதே அரசர்தான்.

ஆரம்பத்தில் உள்ளூர்க்காரர் எங்களைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்தான். பிறகு நாங்கள் எவ்வளவு பயபக்தியோடு கும்பிடுகிறோம் என்று கண்டார்கள். இப்போது கிழவிமார் மலைப்பாதையில் எங்களோடு நின்று கதைப்பார்கள், ரொசாலியா உங்களுக்கும்தான் தாய் என்று சொல்லுவார்கள். எதிர்வீட்டுக்காரரைப் பற்றி யோசிக்க வேண்டாம். நீர் போய்க் கதவைத் தட்டி, பாட்டி கேட்டதால் செய்கிறேன், பூ எது வாங்குவது என்று சொல்லித்தாருங்கள் என்று கேளும். உதவி கேட்கிற ஆளோடு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

பலெர்மோ அண்ணன் சொன்னபடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணியில் ஏற முடியாது. பாட்டி என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாம். அவரே தன் மருமகனை ஏணி பிடிக்க அனுப்பினார். பெயின்ட் அடிக்கிற புதுத் தூரிகை ஒன்றால் தூசியை மட்டும் தட்டினேன். சாமியாரின் தோளில் வண்ணம் எழும்பியிருந்தது, அதைத் தொடவில்லை. காய்ந்துபோன பழைய பூக்களுக்கு நடுவே சின்னச் சின்னப் போட்டோக்கள் இருந்தன, எல்லாம் இறந்துபோனவர்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

புது ஒயர் போட்டாகிவிட்டது. செலவை நாங்கள் கொடுப்பதாகச் சொன்னோம், சந்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூலைக் காய்கறிக் கடைக்காரர் ஒரு டப்பாவைச் சுற்றுக்கு விட்டார், எல்லோரும் போட்டார்கள், நாங்களும் போட்டோம்.

15ஆம் தேதி இரவு, கார்மேல் மாதாவின் கோயிலான கார்மினே கோயில் மணிக்கூண்டே தீப்பற்றி எரிவது போல வாணவேடிக்கை விடுவார்கள், எல்லோரும் அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகும் முன்னால் பாட்டியின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சுவிட்சைத் தட்டினேன். மகள் வீடியோவில் பாட்டியைக் காட்டினார். நான் வெளியே ஓடிவந்து போனை மாடத்துக்கு நேராகப் பிடித்தேன். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நெருப்பில் நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். மகள் அவர் சொன்னதை எனக்குப் புரிகிற இத்தாலியனில் சொன்னார்: திங்கட்கிழமை தோறும் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன், உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன், இத்தனை வாரமாக அவள் தாகத்தோடு நிற்கிறாள்.

இன்றைக்குத் திங்கள். வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு இப்போதுதான் மேலே வந்தேன்.